'கன்னட கொத்தில்லா'விலிருந்து ஸ்பானிஷ் வரை

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து லாஸ் ஏஞ்சலஸிலிருந்து என் சித்தி மகன் கூப்பிட்டான். அங்கே சனிக்கிழமை ராத்திரி.

"அக்கா, பாப்பாவை ஸ்பானிஷ் இம்மர்ஷன் ஸ்கூல்ல போடலாம்னு பார்க்கிறோம். கிண்டர்கார்டன்லேர்ந்தே பாடம் எல்லாம் ஸ்பானிஷ்லதான். எங்க ரெண்டு பேருக்கும் 'ஓலா'வைத் தாண்டி ஒரு வார்த்தை தெரியாது. குழந்தை திணறிடுமோன்னு இவ பயப்படறா. நீ என்ன சொல்றே?"

நான் என்ன சொல்வது? பி.காம். படித்துவிட்டு வங்கியில் லோன் ஃபைல் பார்க்கிறவள். ஆனாலும் அவன் என்னைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2013 ஜூனில் கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி பெங்களூர் வந்த மூன்றாவது வாரமே, தமிழைத் தவிர ஒன்றும் தெரியாத நாலு வயதுப் பெண்ணை எல்கேஜி வகுப்பில் கொண்டுபோய் விட்டவள் நான். மிஸ் பேசியது இங்கிலீஷ். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் பேசியது கன்னடம். என் மகளுக்கு இரண்டும் ஒன்றுதான், அதாவது இரண்டும் சத்தம்தான்!

ஃபோனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இந்த வாரம் உட்கார்ந்து படித்துத் தொகுத்தேன். ஊரை விட்டு வந்த நம்ம வீடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும். மொழியின் பெயர்தான் மாறும். கன்னடம், மராத்தி, ஜெர்மன், பிரெஞ்சு, இப்போது ஸ்பானிஷ்.

தாய்மார்கள் ஆரம்பித்த கதை

தெரியாத மொழியில் குழந்தையை முக்கி எடுக்கும் இந்த முறை, இன்றைய வடிவத்தில், ஆரம்பித்தது கனடாவில். மாண்ட்ரியல் நகரத்துக்கு ஆற்றின் மறுகரையில் செயின்ட் லாம்பர்ட் என்று ஒரு புறநகர். கியூபெக் மாகாணத்தில் பெரும்பான்மை மொழி பிரெஞ்சு. ஆனால் நல்ல வேலைகளும் கம்பெனிகளும் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் கையில் இருந்தன. 1960களில் காற்று மாற ஆரம்பித்தது. இனி இந்த மாகாணத்தில் பிரெஞ்சு தெரியாமல் பிழைக்க முடியாது என்று சில ஆங்கிலக் குடும்பங்களுக்குப் புரிந்தது. பள்ளியில் வருஷக்கணக்காக பிரெஞ்சு பாடம் படித்த பிள்ளைகளுக்குத் தெருவில் இரண்டு வாக்கியம் பேச வரவில்லை. (நாம் பள்ளியில் படித்த ஹிந்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

1963ல் ஒரு சின்னப் பெற்றோர் குழு கூடியது. முன்னால் நின்றவர்கள் ஓல்கா மெலிகாஃப், வேலரி நீல், மூரியல் பார்க்ஸ் என்ற மூன்று பெண்கள். பள்ளி நிர்வாகம் முதலில் அசையவில்லை. அவர்கள் மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட்டிடம் போனார்கள். அவர் ஏற்கனவே எலிசபெத் பீல் என்பவருடன் சேர்ந்து, இரண்டு மொழி தெரிந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்குவதில்லை, முன்னால்கூட நிற்கிறார்கள் என்று 1962ல் எழுதியிருந்தார். ரெண்டு மொழி சொல்லிக்கொடுத்தால் குழந்தை குழம்பிவிடும் என்று உலகமே நம்பிய காலம் அது.

1965 செப்டம்பரில் முதல் வகுப்பு தொடங்கியது. பிரெஞ்சு தெரியாத, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள். டீச்சர் பேசியது பிரெஞ்சு. எழுதப் படிக்கக் கற்றதும் முதலில் பிரெஞ்சில்தான். இரண்டாம் வகுப்பில்தான் தினமும் கொஞ்ச நேரம் ஆங்கிலப் பாடம் சேர்ந்தது. பிறகு வருஷா வருஷம் அதன் பங்கு கூடியது.

லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் இந்தப் பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் சோதித்தார்கள். ஆங்கிலத்தில் படிக்கும் ஆங்கிலப் பிள்ளைகள் ஒரு பக்கம், பிரெஞ்சில் படிக்கும் பிரெஞ்சுப் பிள்ளைகள் மறுபக்கம் வைத்து ஒப்பிட்டார்கள். 1972ல் புத்தகமாக வந்தது. முதல் வகுப்பு முடிவில் ஆங்கிலம் வாசிப்பதில் பின்தங்கினார்கள். ஆங்கிலப் பாடம் சேர்ந்ததும் ஒன்றிரண்டு வருஷத்தில் எட்டிப்பிடித்துவிட்டார்கள். பிரெஞ்சில் படித்த கணக்கில் குறை இல்லை. பிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்தார்கள், பேசுவதில் மட்டும் ஒரு படி கீழே.

அடுத்த சில வருஷங்களில் இது கனடா முழுக்கப் பரவியது. அமெரிக்காவில் 1971ல் கல்வர் சிட்டி அரசுப் பள்ளியில் ஸ்பானிஷ் இம்மர்ஷன் தொடங்கியது. செயின்ட் லாம்பர்ட்டைப் பார்த்துத்தான் செய்தார்கள். பின்னால் நின்றவர் அங்கே பக்கத்தில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் கேம்பல். தம்பி, கல்வர் சிட்டி உன் வீட்டிலிருந்து கார் ஓடும் தூரம்தான். நீ கேட்ட ஸ்கூலுக்கு இதுதான் கொள்ளுப்பாட்டி!

இத்தோடு நிறுத்தினால் "தைரியமாகப் போடு" என்று ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். ஆனால் கணக்குப் பார்க்கும் புத்தி விடுவதில்லை.

அதே கலிபோர்னியா, வேறு கதை

கல்வர் சிட்டி வகுப்பு ஆரம்பித்த அதே காலத்தில், அதே மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் சீன மொழி பேசும், ஆங்கிலம் தெரியாத சுமார் 1,800 பிள்ளைகள், தனி உதவி எதுவும் இல்லாமல் ஆங்கில வகுப்புகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் ஒன்றும் புரியவில்லை. லாவ் எதிர் நிக்கல்ஸ் என்ற அந்த வழக்கில் 1974ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே டீச்சர், ஒரே கட்டடம் கொடுத்துவிட்டால் அது சமம் ஆகாது என்பது அதன் சாரம்.

யோசித்துப் பாருங்கள். செயின்ட் லாம்பர்ட் குழந்தைக்கும் வகுப்பு மொழி தெரியாது. சான் பிரான்சிஸ்கோ சீனக் குழந்தைக்கும் தெரியாது. ஒருவர் ஜெயித்தார், இன்னொருவர் கோர்ட்டுக்குப் போனார். ஏன்?

செயின்ட் லாம்பர்ட்டில் வகுப்பில் இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிரெஞ்சு தெரியாது. எனவே யாரும் மக்கு இல்லை. டீச்சருக்குக் குழந்தையின் மொழி புரியும். ஆரம்பத்தில் குழந்தை ஆங்கிலத்தில் கேட்கும், அவர் பிரெஞ்சில் பதில் சொல்லுவார். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தக் குழந்தையின் ஆங்கிலத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. வீடு, டிவி, கடைத்தெரு, சம்பளம் எல்லாம் ஆங்கிலத்தில். பள்ளியில் சில வருஷம் ஆங்கிலம் இல்லாவிட்டால் அது எங்கே போய்விடப் போகிறது?

சீனக் குழந்தைக்கு இந்த மூன்றும் கிடையாது. இதைப் பிறகு லாம்பர்ட்டே பெயர் வைத்துச் சொன்னார். ஒரு மொழி மேல் இன்னொன்று சேர்வது கூட்டல் இருமொழி. ஒன்று வந்து மற்றொன்றைத் தள்ளிவிடுவது கழித்தல் இருமொழி. முன்னதை முக்கி எடுப்பது என்று சொன்னால், பின்னது தண்ணீரில் தூக்கிப் போடுவது.

வேடிக்கை என்னவென்றால், 1998ல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழியில் பாடம் நடத்துவதைப் பெருமளவு கட்டுப்படுத்தினார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் வீட்டு மொழி ஸ்பானிஷ். 2016ல் இன்னொரு வாக்கெடுப்பில்தான் அதை எடுத்தார்கள். ஒரு பக்கம் ஸ்பானிஷ் மறக்க வேண்டிய மொழி, இன்னொரு பக்கம் அதே ஸ்பானிஷ் வசதியான வீட்டுப் பிள்ளை ஆசையாகச் சேர்த்துக்கொள்ளும் மொழி. மொழி ஒன்றுதான். பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதில்தான் வித்தியாசம்.

நம்ம பெங்களூர்

இப்போது நான் இருக்கும் ஊருக்கு வருகிறேன். தெரியாத மொழி வகுப்பில் குழந்தையை உட்கார வைப்பது இங்கே இருநூறு வருஷத்துக் கதையின் ஒரு பகுதி.

1809ல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மெண்ட் அமைத்தார்கள். சென்னை மாகாணப் படையோடு சிப்பாய், சமையல்காரர், வண்ணார், காண்டிராக்டர், வியாபாரி எனத் தமிழ்க் குடும்பங்கள் வந்து அல்சூர், சிவாஜிநகர் பக்கம் குடியேறின. 1881க்குப் பிறகு மைசூர் மகாராஜா ஆட்சி ஒரு பக்கம், கண்டோன்மெண்ட் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இன்னொரு பக்கம். ஒரே ஊருக்குள் இரண்டு ஊர். பேட்டையில் கன்னடம். கண்டோன்மெண்டில் தமிழ், உருது, ஆங்கிலம். ஆற்காடு நாராயணசாமி முதலியார் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று 1873ல் ஆரம்பித்த பள்ளி இந்தக் கண்டோன்மெண்டில்தான். அல்சூரில் பிறந்த குழந்தை கன்னடம் தெரியாமலே வளர்ந்து பென்ஷனும் வாங்கிவிடலாம் என்ற நிலைமை. 1947ல் கண்டோன்மெண்ட் மைசூரிடம் திரும்பியது. 1949ல் இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின.

பிறகு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். என்று தொழிற்சாலைகளுக்கு அடுத்த அலை. எங்கள் மாதிரி டிரான்ஸ்ஃபர் ஆசாமிகளும் சாஃப்ட்வேர்காரர்களும் அதற்குப் பின்னால் வந்தவர்கள். "கன்னட கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் நம்மில் உண்டு. கன்னடக்காரர்களுக்கு அதில் வருத்தம் இருந்ததில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த வருத்தம் பள்ளிக்கூடம் வழியாக வெடித்தது. சமஸ்கிருதத்தை முதல் மொழியாக எடுத்துக்கொண்டு கன்னடமே படிக்காமல் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டிவிடலாம் என்று இருந்தது. வி.கே. கோகாக் தலைமையிலான குழு 1981ல் அறிக்கை கொடுத்தது. கன்னடம்தான் ஒரே முதல் மொழி என்றது அது. அரசு தயங்க, 1982ல் நடிகர் ராஜ்குமார் இறங்கினார், கர்நாடகமே திரண்டது. (ராஜ்குமாரின் சொந்த ஊர் தாளவாடி பக்கம் தொட்டகாஜனூர். இன்றைக்கு அது நம்ம ஈரோடு மாவட்டம்!)

அதன் பிறகு கோர்ட், அரசாணை, மறுபடி கோர்ட். கன்னடமே ஒரே முதல் மொழி என்பதை 1989ல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசு ஆணையை மாற்றியது. 1994ல் வந்த ஆணை, ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை தாய்மொழி அல்லது கன்னடத்தில்தான் பாடம் என்றது. அப்படியானால் தமிழ்ப் பிள்ளை தமிழில் படிக்கலாம். சட்டம் வழி விட்டது. ஆனால் நாம் கேட்டது தமிழ் அல்ல, இங்கிலீஷ். கன்னடக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள். கன்னட வழி என்று அனுமதி வாங்கி இங்கிலீஷில் நடத்திய பள்ளிகள் மேல் 2006ல் அரசு நடவடிக்கை எடுத்தபோது விஷயம் சந்திக்கு வந்தது. கடைசியில் 2014 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆரம்பப் பள்ளியில் தாய்மொழி வழியை அரசு கட்டாயப்படுத்த முடியாது. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். குழந்தையின் தாய்மொழி எது என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

அடுத்த வருஷமே கர்நாடக அரசு வேறு வழி பிடித்தது. பாட மொழி எதுவானாலும் சரி, கன்னடத்தை ஒரு மொழியாகப் படித்தே ஆக வேண்டும் என்றது 2015ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறியது. என் மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது அதே 2015 ஜூன்!

என் வீட்டு லெட்ஜர்

எல்கேஜியில் முதல் இரண்டு மாதம் அவள் வாயே திறக்கவில்லை. "வெரி கொயட் சைல்ட்" என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். அவளா கொயட்? வீட்டில் காது கிழியும்! காப்பாற்றியது அந்த வகுப்பு ஆயாம்மா. மர்ஃபி டவுன்காரர். நாலு தலைமுறைக்கு முன்னால் ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். "கண்ணு, பாத்ரூம் போணுமா? மிஸ்கிட்ட இப்படிச் சொல்லு" என்று காதோரம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். செயின்ட் லாம்பர்ட்டில் டீச்சர் செய்ததை இங்கே சம்பளம் குறைந்த ஆயாம்மா செய்தார்.

கன்னடம் நான் பயந்த அளவு கஷ்டமாக இல்லை. ஏழு வயதில் அவளே ஒரு நாள் கண்டுபிடித்துச் சொன்னாள். "அம்மா, நம்ம 'ப'வை அவங்க 'ஹ' ஆக்கிடறாங்க!" பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பூ ஹூ. அதேபோல் வா என்றால் பா, வேண்டாம் என்றால் பேடா. எழுத்தில்தான் இடித்தது. நமக்கு ஒரு 'க'. அவர்களுக்கு நாலு. ஆனால் அதுவும் இரண்டு வருஷத்தில் சரியாகிவிட்டது. இன்று காய்கறிக்காரரிடம் எனக்குப் பேரம் பேசிக் கொடுப்பவள் அவள்தான். கன்னடம் எங்கள் வீட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை. முழுக்க முழுக்க வரவு.

செலவு வேறு பக்கம் நடந்தது, என் கையாலேயே. அந்த முதல் பேரண்ட்ஸ் மீட்டிங்கில் "வீட்டிலும் இங்கிலீஷ்லயே பேசுங்க மேடம், சீக்கிரம் பிக்கப் ஆயிடும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். பகலெல்லாம் வங்கி, சாயங்காலம் வீட்டில் இங்கிலீஷ் கிளாஸ். ஆறே மாதத்தில் நன்றாகப் பிக்கப் ஆனது. விழுந்தது எது என்று கவனிக்க எனக்கு ஐந்து வருஷம் ஆனது.

கும்பகோணத்தில் என் அம்மா இன்றைக்கும் இன்லண்ட் லெட்டர் எழுதுகிறவர். பேத்திக்கு ஒன்பதாவது பிறந்த நாளுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "நீயே படிச்சு இங்கிலீஷ்ல சொல்லும்மா." நான் படித்தேன். பாதியில் அம்மா, "இது உனக்கு மட்டும், உங்கம்மாவுக்குக் காட்டாதே" என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை.

தெரியாத மொழியில் குழந்தையை விட்டதால் வந்த நஷ்டம் அல்ல இது. தெரிந்த மொழியை வீட்டில் நிறுத்தியதால் வந்த நஷ்டம். இங்கிலீஷுக்கு என் உதவி தேவையே இல்லை. பள்ளி பார்த்துக்கொண்டிருக்கும். கன்னடத்தைத் தெருவும் சட்டமும் பார்த்துக்கொள்ளும். தமிழுக்கு என்று இருந்தது நான் ஒருத்திதான்.

இன்னொரு பிள்ளையையும் சொல்ல வேண்டும். எங்கள் ஃபிளாட்டுக்குப் பக்கத்தில் கட்டடம் எழும்பியபோது திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஷெட்டில் இருந்தது. பையனை அரசுக் கன்னடப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒரே வருஷத்தில் கன்னடம் தண்ணியாகப் பேசினான். ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்து கூட்டத் தெரியாது. கட்டடம் முடிந்ததும் குடும்பம் ஓசூருக்குப் போனது. அங்கே தமிழ்ப் பள்ளி. மறுபடி 'அ'விலிருந்து. என் மகளுக்கு ஒரு ஆயாம்மா, டியூஷன், படித்த அப்பா அம்மா எல்லாம் இருந்தது. அவனுக்கு வாயில் இரண்டு மொழி இருந்தும் கையில் ஒன்றுகூட நிற்கவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் பிள்ளைகளின் கதை இன்றும் பெரும்பாலும் இதுதான்.

தம்பிக்குச் சொன்னது

தைரியமாகப் போடு. நாலைந்து வயதில் தெரியாத மொழி குழந்தையைக் கவிழ்த்துவிடாது. முதல் சில மாதம் வாய் திறக்காமல் இருந்தால் பயப்படாதே, காது வேலை செய்துகொண்டிருக்கும். சேர்க்கும் முன் பள்ளியில் இரண்டு கேள்வி கேள். டீச்சருக்கு ஆங்கிலமும் புரியுமா, குழந்தைக்கு வயிறு வலித்தால் சொல்ல வழி உண்டா? வகுப்பில் ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளும் பாதிப் பேர் இருக்கிறார்களா? இருந்தால் நல்லது, டீச்சரோடு மட்டும் பேசும் மொழியாக இல்லாமல் விளையாடும் மொழியாகிவிடும். ஒரு வருஷத்தில் ஊர் மாறும் யோசனை இருந்தால் மட்டும் வேண்டாம், பாதியில் எடுப்பதுதான் கெடுதல்.

ஆனால் செயின்ட் லாம்பர்ட் கணக்கை அப்படியே உன் வீட்டுக்குப் போடாதே. அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி ஆங்கிலம், அதற்கு ஆபத்து இல்லை. உன் பிள்ளைக்கு ஸ்பானிஷ் பள்ளியில் வரும், ஆங்கிலம் அமெரிக்கா முழுக்க வரும். தமிழ் உன் சமையலறையில் மட்டும்தான் வரும். ஸ்பானிஷ் ஹோம்வொர்க்குக்காக நீங்கள் இருவரும் அரைகுறை ஸ்பானிஷ் கற்று வீட்டில் பேச வேண்டாம். தமிழில் கதை சொல்லு, சண்டை போடு, எண்ணச் சொல்லு. தினமும் பத்து நிமிஷம் எழுத்துக் காட்டு. எழுத்து முக்கியம், பேச்சு மட்டும் போதாது. அதற்கு நான் சாட்சி.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அக்கா, நாங்க இப்பவே வீட்டுல இங்கிலீஷ்தான் பேசறோம்" என்றான்.

"இன்னைக்கே மாத்துடா. கிண்டர்கார்டன் சேர இன்னும் மாசம் இருக்கில்ல" என்றேன்.

என் மகளுக்கு இப்போது பதினாறு முடிந்துவிட்டது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்தோம். மெதுவாகத்தான் வந்தது. இப்போதும் ல, ள, ழ தகராறு உண்டு. போன தீபாவளிக்கு, பீரோவில் வைத்திருந்த அந்த இன்லண்ட் லெட்டரை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். உள்ளே எழுத்துக் கூட்டும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. பிறகு ஒரு சிரிப்பு.

பாட்டி என்ன எழுதியிருந்தார் என்று இன்று வரை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை :)

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த மொழி வகுப்பில் உட்கார்ந்தது, எது வரவு, எது செலவு? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.